மஞ்சள் பூசிய மட்டக்குறிகள்

மாத்தளை,
24.11.1989

அன்புள்ள அருந்ததி மச்சாளுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. இங்கே தபால் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது. ஆனாலும் பதில் பிந்தியதற்குத் தபாலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எழுத உட்காருவேன், எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். நானும் பிள்ளையும் சுகம். பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. உங்கள் தம்பி இன்னும் வரவில்லை.

அவர் என்ன வேலையாகப் போனார், ஏன் தனியாகப் போனார் என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் இந்த மலைநாட்டின் உயரத்தை அளந்தபோது, அங்கங்கே ஊர்க் கட்டடங்களின் படிக்கல்லிலும் அத்திவாரக் கல்லிலும் ஒரு குறி வெட்டியிருக்கிறார்கள். குறுக்கே ஒரு கோடு, அதன் கீழே மேல் நோக்கிய அம்பு. கடலிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு உயரம் என்று அவருடைய நில அளவைக் கந்தோரில் கணக்கு இருக்கும். மட்டக்குறி என்பார் அவர். இடித்துக் கட்டியதுபோக எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று தேடிப் பார்க்கும் வேலை அவருக்கு வந்தது. கண்டுபிடித்தால் பாசியைச் சுரண்டிவிட்டு, சுற்றிவர மஞ்சள் பெயின்டால் ஒரு வட்டம் போட்டுவர வேண்டும்.

அந்த வேலை அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா! வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "இன்றைக்கு ஒரு கடையில் மாமூட்டைக்குப் பின்னால் ஒன்றைப் பிடித்துவிட்டேன்" என்று மீன் பிடித்தவர்போலப் பிள்ளைக்குச் சொல்லுவார்.

எப்போதும் கூடப் போகிறவர் சாலிஹ். கந்தோரில் அளவுச் சங்கிலி பிடிப்பவர். அவர் கடைசியாகப் போன அன்றைக்குச் சாலிஹுக்குக் கடும் காய்ச்சல். நாளைக்குப் போகலாமே என்றேன். மழை தொடங்கினால் கல்லெல்லாம் பாசி பிடித்துவிடும் என்று பல்லேபொல போகும் பஸ்ஸில் ஏறிப் போனார்.

போனவர் வரவில்லை என்றதும் பொலிசுக்கு ஓடினேன். ஆமி முகாம் வாசலிலும் நின்றேன். எங்கேயும் அப்படி ஒருவரைத் தெரியாது என்றார்கள். காய்ச்சல் விட்டு எழும்பியதும் சாலிஹ் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "நோனா, மஞ்சப் பெயின்ட் இருக்கிற கல்லெல்லாம் ஐயா போன கல்லு. பெயின்ட் இல்லாத கல்லு எங்க வருதோ, அதுக்கு முந்தித்தான் என்னமோ நடந்திருக்கு. போற வழி எனக்குத் தெரியும், வாங்க போய்ப் பார்ப்போம்" என்றார். பிள்ளையை அவர் மனைவி மஸீனாவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

முதலாவது, தபால் கந்தோர் படிக்கல். வட்டம் பளிச்சென்று இருந்தது. அவர் கை போட்ட வட்டம் என்று பார்த்ததும் தெரிந்தது, மச்சாள். எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அடுத்தது ஒரு மதகு. அதிலும் இருந்தது.

மூன்றாவது பதுர்தீன் என்பவருடைய கடை. குறி இருக்கிறது, வட்டம் இல்லை. சாலிஹ் குனிந்து நகத்தால் தடவிப் பார்த்து, சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்றார். பதுர்தீன் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நான்தான் தங்கச்சி சுரண்டினேன். புள்ளகுட்டிக்காரன், பயமா இருந்திச்சு. ஐயா இங்க தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனாரு. இந்தக் காலத்துல பெயின்ட் வாளியோட திரியாதீங்க, திரும்பிப் போங்கன்னு சொன்னேன். கவர்மென்ட் வேலைதானே நானா, இன்னும் ஒண்ணுதான்னு சிரிச்சாரு" என்று சொல்லி அழுதார்.

அவர் பயந்ததில் பிழையில்லை. இங்கே இப்போது பெயின்டோடு சுவரருகே நிற்பவனைச் சுலோகம் எழுத வந்தவன் என்று ஆமிப் பக்கத்தார் பிடிக்கிறார்கள். அரசாங்க வேலைக்குப் போகிறவனைத் துரோகி என்று கிளர்ச்சிக்காரப் பக்கத்தார் சுடுகிறார்கள்.

நாலாவது ஒரு சிறிய பள்ளிக்கூடத்தின் அத்திவாரக் கல். அதில் பாதி வட்டம்தான் இருந்தது. மேலேயிருந்து வலப்பக்கமாக இறங்கிவந்த கோடு அடியில் சறுக்கி, கல்லைத் தாண்டி வெள்ளைச் சுவரில் நீளமாக இழுபட்டிருந்தது. சாலிஹ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டில் ஒரு சிங்களப் பெண் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டா. பிறகு கோழிக்குத் தீன் போடுகிறமாதிரி வேலிக்கரைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னா. இலக்கமில்லாத வான் ஒன்று வந்ததாம். சுவரில் என்ன எழுதுகிறாய் என்று கேட்டார்களாம். இவர் எழுந்து நின்று, எழுதவில்லை, கடல் எவ்வளவு கீழே என்று காட்டும் குறி இது, குனிந்து பாருங்கள் என்று நல்ல சிங்களத்தில் சொன்னாராம். ஒருத்தன் சிரித்தானாம். இந்த மலைக்குள் நின்று கடலைப் பற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள், மச்சாள்? வந்தவர்கள் எந்தப் பக்கத்தார் என்று அவவுக்குத் தெரியாது. "மகளே, நான் சொல்லவும் இல்லை, நீ கேட்கவும் இல்லை" என்று கும்பிட்டா.

திரும்பிப் போவோம் என்றார் சாலிஹ். அடுத்த கல்லையும் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தப்பி ஓடியிருப்பார், அங்கே போய் வட்டம் போட்டிருப்பார் என்று அந்த நேரம் என் புத்தி சொன்னது. வெயிலில் நடந்து போனோம். வழிப்போக்கர் தங்குகிற, இப்போது பாழடைந்த அம்பலம் ஒன்றின் படி. கல் முழுக்கப் பாசி. குறி எங்கே என்றுகூடத் தெரியவில்லை. சுரண்டிப் பாருங்கள் என்றேன். சாலிஹ் சுரண்டவில்லை. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு ஆற்றங்கரையில் சுடுபட்டவர்கள் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு தடவை பார்க்கப் போனோம். அவர் அங்கே இல்லை. அங்கே கிடந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். என்னுடையவர் இல்லை என்று நிம்மதிப்பட்டுக்கொண்டு வந்தேனே, அது என்னை இன்னும் அறுக்கிறது.

அவருடைய கந்தோரில் இந்தத் தேடும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவருடைய குடையையும் கண்ணாடிக் கூட்டையும் சாலிஹிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

மச்சாள், மகன் வரும்வரை ஒருவேளைச் சோறும் வேண்டாம் என்று மாமி பாலும் பழமுமாக விரதம் இருக்கிறா என்று எழுதியிருந்தீர்கள். அவவின் வயதுக்கு அது தாங்காது. நான் கும்பிட்டுக் கேட்கிறேன், மாமியை இனிச் சோறு சாப்பிடச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து நீங்களே குழைத்துக் கொடுங்கள். ஏன் என்று கேட்டால், ஞானம் சொன்னாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் எல்லோரையும் அம்மன் காப்பாற்றட்டும்.

உங்கள் அன்பு மறவாத,
ஞானாம்பிகை