லெட்சுமி, இடது காது

அண்ணே,

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் என் மேசை லாச்சியை இழுத்தபோது தைல வாசனை மூக்கில் ஏறியது. தலைவலிக்குத் தேய்க்கிற அதே தைலம்தான். உள்ளே மூலையில் உங்கள் முதல் புட்டி கிடந்தது. பள்ளிக்கூட நோட்டுத் தாளைக் கிழித்து ஒட்டி, பென்சிலால் நீங்கள் எழுதியது இன்னும் அழியவில்லை: 'லெட்சுமி, இடது காது.' ஒரு பசுவின் பெயர். அதன் உடம்பில் உண்ணி பிடித்திருந்த இடம். பக்கத்திலேயே உங்கள் கடைசிக் குப்பியும் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியமில்லை. நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது.

முதலில் சந்தித்த நாளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கோலா சிலாங்கூருக்கு வடக்கே நீங்கள் குடியிருந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாகப் பலர் கிளினிக் வாசலில் நிற்பதாகக் கேள்விப்பட்டு, நானும் என் உதவியாளரும் வந்திருந்தோம். உண்ணி கடிக்கும்போது ஒரு கிருமி உடம்புக்குள் போகலாம். அது மூட்டில் போய் உட்கார்ந்து வீக்கத்தைக் கிளப்பலாம். குளிர் நாடுகளில் இது தெரிந்த கதை. நம் தோட்டங்களிலும் அப்படி நடக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்கு முதலில் மாட்டில் உண்ணி வேண்டும். வருகிறோம் என்று ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி அனுப்பினோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

வந்து பார்த்தால் மாடுகளெல்லாம் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நின்றன. வேப்பெண்ணெய் பூசி, தேய்த்துக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வேறு. காதை மடக்கிப் பார்த்தோம், வாலைத் தூக்கிப் பார்த்தோம். மருந்துக்குக்கூட ஓர் உண்ணி இல்லை. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. "உங்களை யார் இப்படிச் செய்யச் சொன்னது?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நீங்கள் மட்டும் வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தீர்கள்.

"விருந்தாளி வர்றாங்கன்னா வீட்டக் கூட்டாம வைப்பாங்களா, டாக்டர்? கோவப்படாதீங்க லா. பத்து நாளு பொறுங்க. உண்ணிக்கு எங்க விலாசம் தெரியும், திரும்பி வந்துரும்."

பிறகு மெதுவாக என் பூர்வீகத்தைக் கிளறினீர்கள். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதி ஆட்களை வேலை வாங்கும் கிராணியாக இருந்தவர் என்றதும் ஒரே சிரிப்பு. "அப்படிச் சொல்லுங்க! அதட்டல் பரம்பரையா வருது." கூட்டமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று நீங்கள் அப்படிக் கேலி செய்திருக்காவிட்டால் நான் காரில் ஏறிப் போயே போயிருப்பேன்.

பத்தாம் நாள் நீங்கள் தந்ததுதான் இந்தத் தைலப் புட்டி. உள்ளே லெட்சுமியின் உண்ணி தைலத்தில் ஊறிக் கிடந்தது. அது ஆய்வுக்கு உதவாது என்று சொல்லி, ஸ்பிரிட் ஊற்றிய குப்பிகளைக் கொடுத்தேன். அடுத்த வாரமே முப்பது குப்பிகளும் நிறைந்துவிட்டன. மாட்டுக்கு நம்பர் போடுங்கள் என்று என் உதவியாளர் கெஞ்சிப் பார்த்தார். "நம்பரக் கூப்பிட்டா மாடு திரும்பிப் பாக்குமா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தீர்கள். அதனால் எங்கள் பட்டியலில் 'விலங்கின் பெயர்' என்று ஒரு கட்டத்தையே சேர்க்க வேண்டியதாயிற்று. லெட்சுமி, கறுப்பி, தஞ்சோங் காராங் மலாய்க்காரரிடம் வாங்கியதால் மலாய்ப் பெயரோடு மெலாத்தி. இப்படி ஒரு பட்டியல் வேறு எந்த ஆய்வுக்கூடத்திலும் இருக்காது.

மூட்டு அழற்சியைப் பற்றி நான் விளக்கியதும் நினைவிருக்கிறது. கிருமியை விரட்ட உடம்பு சண்டை போடுகிறது, கிருமி போன பிறகும் சிலருக்கு அந்தச் சண்டை நிற்பதில்லை, அதனால்தான் வீக்கம் வடிவதில்லை என்று வளவளவென்று பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் முழங்காலைத் தேய்த்தபடியே கேட்டீர்கள்: "அதாவது, திருடன் போயிட்டான். நாயி இன்னும் குரைச்சுக்கிட்டு இருக்கு. அதானே?" அதேதான், அண்ணே. மாணவர்களுக்கு இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் உங்களுக்கு அது விளையாட்டான காரியம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கன்றுச் செம்பனைகளை மேய்கின்றன என்று உங்கள் மாடுகளைத் தோட்டத்தைவிட்டு வெளியேற்ற மேனேஜர் ஏற்கெனவே காரணம் தேடிக்கொண்டிருந்தார். நோய்க்கு மாடுதான் காரணம் என்று நான் எழுதிவிட்டால் போதும், மறுநாளே தொழுவம் காலி. பழம் வெட்டும் வேலையை முழங்கால் பறித்துக்கொண்ட பிறகு, உங்களுக்கு இருந்த பிழைப்பே அந்தப் பதினோரு மாடுகள்தான். உங்கள் பக்கத்து வீட்டு முனியாண்டி என் காதுபடவே சத்தம் போட்டார்: "உண்ணியப் பொறுக்கிக் குடுத்து நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கணுமா? பேசாம எல்லா மாட்டையும் மறுபடி எண்ணெய் போட்டுக் குளிப்பாட்டு!"

நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள். "பொய் சொல்லி மாட்டக் காப்பாத்திட்டா, அப்புறம் ஆளுங்க முட்டிய யாருடா காப்பாத்துறது?" பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "டாக்டர், எது வருதோ அத அப்படியே எழுதுங்க. எங்களுக்காகக் கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். என் தொழிலில் பெரிய பெரிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தன் பிழைப்பைப் பணயம் வைத்து உண்மையைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

என் ஆணவத்துக்கு விழுந்த அடியும் உங்கள் கையால்தான். மாடு வைத்திருப்பவர்களை வரிசையில் நிறுத்தி இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் முறை வந்தது. கையை நீட்டிக்கொண்டே, "மாட்டுக்காரன மட்டும் புடிச்சுப் புடிச்சுக் குத்துறீங்களே. செம்பனைக்கு மருந்து அடிக்கிற பொம்பளைங்களுக்குந்தான் முட்டி வீங்குது. அவுங்க மாட்டுச் சாணியக்கூட மிதிச்சதில்ல. அவுங்களக் கேட்டீங்களா?" என்றீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஆராய்ச்சி எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியும், அண்ணே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தஞ்சோங் காராங் வாய்க்கால் ஓரக் கடையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோதுதான் உறைத்தது. மாட்டுக்காரர்களை மட்டும் சோதித்தால், என்ன வந்தாலும் பழி மாட்டின் மேல்தானே விழும்? ஒப்பிட ஆளே இல்லாமல் எப்படித் தெரியும்? முதல் வருட மாணவனுக்கு நான் சொல்லித் தருவதை நானே கோட்டை விட்டிருந்தேன். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். என்னைப் பார்த்ததும் உங்கள் மனைவியைக் கூப்பிட்டு இன்னொரு தட்டு போடச் சொன்னீர்கள். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

மருந்து அடிக்கும் பெண்களிடமும் இரத்தம் எடுத்தோம். மாடு நுழையாத பகுதிகளில் புதர் மேல் வெள்ளைத் துணியை இழுத்து உண்ணி பிடித்தோம். நான் கொண்டுவந்த துணி முள்ளில் கிழிந்துபோன அன்று, கோயிலுக்குக் கட்டுகிற வேட்டியை எடுத்து வந்துவிட்டீர்கள். "சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், உன் அக்கா கேட்டாத்தான் நீ சொல்லணும்" என்று என்னை மாட்டிவிட்டீர்கள். அக்கா கேட்டார்கள். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கவனித்தீர்களா? அன்றுதான் முதல்முறையாக என்னை 'நீ' என்றீர்கள்.

முடிவு வந்தது. மாட்டுப் பக்கமே போகாத பெண்களின் இரத்தத்திலும் அந்தக் கிருமி வந்து போன தடம் இருந்தது. காட்டுப்பன்றியும் எலியும் திரியும் புதரிலிருந்து வேட்டியில் ஒட்டிய உண்ணிகளிலும் கிருமி இருந்தது. மூட்டு வீக்கத்துக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல இன்னும் ஆதாரம் போதாது. அதையும் அப்படியே எழுதினேன். மாட்டை விரட்டினால் நோய் போய்விடும் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. உயரமான பூட்சு வேண்டும், வேலை முடிந்ததும் உடம்பைப் பார்த்து உண்ணியை இடுக்கியால் எடுக்க வேண்டும் என்று தோட்டத்துக்கு அறிக்கை போனது. மாடுகள் தங்கின.

உங்கள் இரத்தத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். இத்தனை பாடுபட்ட மனிதருக்குக் கிடைத்தது வெறும் மூட்டுத் தேய்மானம். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். "அப்ப என் முட்டிக்கு வயசுதான் காரணமா? நல்லதாப் போச்சு. லெட்சுமி மேல சந்தேகப்பட்டுட்டேனேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு." உங்களைப் போன்ற ஒருவரை நான் பார்த்ததில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அண்ணே. சொல்லவில்லை.

பழைய இதயக் கோளாறு ஒரே நாளில் உங்களைக் கொண்டுபோய்விட்டது. காரியத்தன்று அக்கா முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு குப்பியை என் கையில் வைத்தார்கள். "போறதுக்கு முந்தின வாரம் எடுத்து வச்சாரு. நீ வந்தா குடுக்கச் சொன்னாரு." ஸ்பிரிட்டில் ஒரே ஓர் உண்ணி. அதே நோட்டுத் தாள், அதே பென்சில் எழுத்து: 'நான். வலது முட்டிக்குப் பின்னால். மாடு போகாத இடம்.'

உண்ணியைச் சோதிக்க வேண்டுமென்றால் அரைக்க வேண்டும். அரைத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. அதனால்தான் இந்த ஒரு வருடமாக ஏதாவது சாக்குச் சொல்லி லாச்சியை மூடிக்கொண்டே இருந்தேன். வேறு யாராவது ஒரு மாதிரியை இப்படிப் பதுக்கி வைத்திருந்தால் நான் என்ன கத்து கத்தியிருப்பேன்! நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதும் தெரியும். "பூட்டி வைக்கவா பொறுக்கிக் குடுத்தேன்?"

இப்போதெல்லாம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஊசியை எடுக்கும் முன்பு என்னையே கேட்டுக்கொள்கிறேன்: இன்னும் யாரைக் கேட்காமல் விட்டிருக்கிறேன்? கேட்கும்போது நீங்கள் நீட்டிய கை கண்ணுக்கு முன்னால் வரும்.

இன்று அரைத்துவிட்டேன், அண்ணே. தாளை மட்டும் பிரித்து என் நோட்டில் ஒட்டிக்கொண்டேன். பட்டியலில் லெட்சுமி, கறுப்பி, மெலாத்திக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. 'விலங்கின் பெயர்' என்ற கட்டத்தில் 'அண்ணன்' என்று எழுதினேன். முடிவு நாளை மறுநாள் வரும். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வருவதை அப்படியே எழுதுவேன்.