அரசனுக்கு எதற்கு நாற்காலி

பிப்ரவரி 3
அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் வரலாற்றுப் பிரிவு இருக்குமா என்பதே சந்தேகம். இதுவரை பெயர் கொடுத்தவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தாலும் இடம் மிஞ்சும். தலைமையாசிரியை ஒரு யோசனை சொன்னார்: பத்தாம் வகுப்புக்கு அந்தச் சீனச் சண்டைப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள், அதுவும் வரலாறுதானே.

அதுவும் வரலாறுதானாம்.

பிப்ரவரி 6
வீட்டில் முன்கூட்டியே பார்த்தேன். கதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நடக்கிறது. அரசன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே நாற்காலி வரப் பல நூற்றாண்டுகள் ஆகும். அன்று ராஜாவானாலும் பாய்தான். கதாநாயகன் ஒளியும் முற்றத்தில் சிவப்பு மிளகாய் காய்கிறது. மிளகாய் அப்போது கடல் தாண்டி வேறொரு கண்டத்தில் இருந்தது. இதையெல்லாம் சொன்னேன். "நீங்க படம் பார்க்கல, பேப்பர் திருத்துறீங்க" என்று மனைவி ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 7
இயற்பியல் ஆசிரியரிடம் புலம்பினேன். ஆள் மூங்கில் நுனியில் நடக்கிறானே, உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா? "குதிக்கும்போது முட்டியை மடக்குறான் சார். எனக்கு அது போதும்."

இவரிடம் படிப்பவர்கள்தான் நாளை பாலம் கட்டப்போகிறார்கள்.

பிப்ரவரி 10
திரையிட்டேன். நாற்காலிக்கு நிறுத்தினேன். மிளகாய்க்கு நிறுத்தினேன். காகிதத்தில் கடிதம் வந்ததும் நிறுத்தி, மூங்கில் பட்டையில் எழுதிய காலம் அது என்று விளக்கினேன். மணி அடித்தபோது கதாநாயகன் வாளோடு அந்தரத்தில் நின்றான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், அவன் இறங்குவானா, இல்ல அதுலயும் தப்பு இருக்கா?"

பிப்ரவரி 11
புதிதாக யாரும் பெயர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்த ஒருத்தியும் கணக்குக்கு மாறிவிட்டாள். நான் என்னதான் பண்ணணும்? மிளகாயைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கணுமா? முடியலையே.

பிப்ரவரி 13
மீதிப் படம். வாயே திறக்கவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அரண்மனை எரிந்தது. அரசனின் எழுத்தர் உட்பட உள்ளே ஒருவரும் பிழைக்கவில்லை. விளக்கைப் போட்டதும், கணக்குக்கு மாறியவள் கேட்டாள்: "எல்லாரும் செத்துட்டாங்க. அப்போ ராஜா கடைசியா பேசினதை யாரு சார் எழுதி வெச்சாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் — அது இந்தப் படத்திலிருந்தா வரவேண்டும்? பதிலைத் தொடங்கினேன். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 20
பிரிவு உண்டு. அவள் திரும்பி வந்துவிட்டாள். "நீங்க இன்னும் பதிலை முடிக்கலையே சார்." புதிதாகப் பெயர் கொடுத்த மற்றவர்களை ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டிருக்கக்கூடாது. கேட்டேன். படத்தின் இரண்டாம் பாகம் வந்திருக்கிறதாம்.

வரும் வழியில் சுவரொட்டியைப் பார்த்தேன். அரண்மனையே சாம்பலாகிவிட்டது. புது அரசன். அதே நாற்காலி.