தலைமாட்டு எலுமிச்சை

மாசி 4, ஞாயிறு
காலையிலிருந்து பனிமூட்டம். எதிர் லயத்து வீடுகள் தெரியவில்லை. துணி காயாது.
பேரன் செல்வம் பத்தாம் வகுப்பில் முதலாவது. இளைய மகன் குமாருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை நிரந்தரம். பேத்தி ராணி கொழும்பில் நர்ஸ் படிப்பு. எங்கள் லயத்திலிருந்து அப்படிப் படிக்கப் போனதில் இவள்தான் முதல்.
நேற்றுக் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு, தோட்ட வேலையை விட்டவர்களையும் கூப்பிட்டார்கள். ஒரு தாள். அரிசிக் கூப்பன் பதிவு என்று எல்லோரும் கைநாட்டு. நான் கையெழுத்து, அதுவும் முதலாவதாக. "பாட்டி எழுத்து அச்சுப் போட்ட மாதிரி இருக்கு," என்றார் கணக்கப்பிள்ளை. நாளெல்லாம் அதே நினைப்பு.

மாசி 6, செவ்வாய்
மேல்மலையில் நாலு பேர் சங்கிலி பிடித்து அளந்தார்கள். என் வீட்டுக்காரரைப் புதைத்த இடத்து எலுமிச்சையில் சுண்ணாம்புக் குறி. எதற்கு என்றேன்.
"வெட்டத்தான் பாட்டி. மலை முழுக்க பைன் மரம் வைக்கப் போறோம். சம்மதம்னு மொதக் கையெழுத்தே உங்களோடதுதானே."
தாள் சிங்களத்தில் இருந்தது. என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.
பக்கத்து வீட்டு முத்தாயி சாயங்காலம் வந்தாள். "ரோட்டுக்காக கவ்வாத்துசாமி கல்ல, தேயில வெட்டுறப்ப கும்புடுற கல்ல, நகத்துறப்ப மூணு நாளு சாமிகிட்ட பூப்போட்டுக் கேட்டோமேக்கா. வெள்ளப் பூ வர்ற வரைக்கும் ஒருத்தனும் தொடல. நம்மள ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"
"கல்லு பேசாதுடி. அதான் அதுக்கு மரியாத."
சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசி 9, வெள்ளி
விடியலில் கனவு. எலுமிச்சை நிழலில் உட்கார்ந்து அவர் வெற்றிலை கேட்கிறார். காலுக்குக் கீழே பனி ஓடுகிறது. எழுந்த பிறகும் விரலில் இலை வாசம்.
பத்து மணிக்கு மேல்மலைக்கு, பைன் வைக்கிறவர்களின் பெரிய அதிகாரி வந்தார். தமிழ் பேசுகிறார்.
"கல்லற ஒண்ணும் காணோமே. இது காட்டு எலுமிச்சதானே?"
நாங்கள் கல் வைப்பதில்லை. பதினாறாம் நாள் தலைமாட்டில் ஒரு கன்று. மாமனாருக்கும் அவர் அப்பாவுக்கும் அப்படித்தான். சொன்னேன். என் கையெழுத்து சம்மதம் இல்லை என்றும் சொன்னேன்.
"நட்டதுக்கு ஆதாரம் கொண்டாங்க. அடுத்த வெள்ளி எல்லாரையும் கேட்டு எழுதிக்கிறேன். அதுவரைக்கும் வெட்ட மாட்டோம்."

மாசி 10, சனி
டிரங்குப் பெட்டியில் அவருடைய பதினாறாம் நாள் படம். ராணி கன்றைப் பிடித்து நிற்கிறாள். ஈரம் ஏறி, கன்று இருந்த இடம் வெள்ளை. அவளிடம் ஒரு பிரதி உண்டு. இன்றைய தபாலுக்கு எழுதியது:
ராணி, உன்னிடம் இருக்கிற படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் புதிதாக ஒன்று எடுத்து உடனே அனுப்பு. உன் முகம் சரியாக விழாவிட்டாலும் பரவாயில்லை. கன்று விழ வேண்டும்.