பன்னெண்டு ரூம்

சோமனூர்
3-1-2024

சுரேந்தருக்கு,

அப்பா எழுதறேன். ஆறு வருசத்துக்கு முன்னால நம்ம கோயில்ல சூடம் அணைச்சு, இனி உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணினவன் நான். அதுல மாத்தமில்லை. எழுத மாட்டேன்னு சொல்லலை. அதனால எழுதறேன்.

விசயத்துக்கு வாரேன். தறிக்காரர் சென்னியப்பனும் அவர் சம்சாரமும், நூல் யாவாரி உவைஸ் பாயும் அவர் வீட்டம்மா சாஜிதா பேகமும் அந்தமானுக்கு டூர் வர்றாங்க. 27ஆம் தேதி உன்னோட நீல் தீவுக்கு. மூணு நாள். "உம்பையன் ரிசார்ட் இருக்கறப்ப வேற எடத்துல எதுக்குத் தங்கோணும்?"னு சென்னியப்பன் கேட்டுப்போட்டார்.

ரிசார்ட்னு சொன்னது நாந்தான். நீ போன புதுசுல டீக்கடையில ஆளாளுக்குப் பிடுங்கி எடுத்தாங்க. என் பேச்சை மீறி, கருமத்தம்பட்டி கிறிஸ்தவர் தேவதாஸ் மகளைக் கட்டிக்கிட்டு, அந்தப் புள்ளை நர்ஸ் வேலை பார்க்கற தீவுக்கே போயிட்டான்னு சொல்ல வாய் வரலை. பன்னெண்டு ரூம் வெச்சு ரிசார்ட் நடத்தறான்னு சொல்லிட்டேன். சொன்னதை இன்னைக்கு வரைக்கும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

இந்த மார்க்கெட்டுல அங்கப்பன் வாயில சொன்னாப் போதும், எழுத்து வேண்டாம்பாங்க. தள்ளுவண்டியில துணி வித்தவனுக்கு அந்தப் பேரைத் தவிர வேற முதல் கிடையாது. அது நாலு பேர் முன்னால போயிரக் கூடாது.

அதனால அங்கிருக்கற பெரிய ரிசார்ட்காரர் யாரையாச்சும் பிடி. மூணு நாளைக்கு வாசல்ல முதலாளியா நில்லு. பன்னெண்டு ரூமுக்கும் சென்னிமலையில பெட்ஷீட் எடுத்துக் கட்டி, அவங்க கையிலயே குடுத்து அனுப்பறேன். அப்பத்தான் நம்புவாங்க.

இதை உங்கம்மாகிட்டப் போன்ல சொல்லச் சொன்னேன். "நீங்க சொன்ன பொய்க்கு நான் தூது போறதில்லீங்க"ன்னுட்டா சாந்தாமணி.

இப்படிக்கு,
மு. அங்கப்பன்


நீல் தீவு
11-1-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கவர்மேல உங்க கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்து, பிரிக்காம டெய்சிகிட்ட நீட்டிட்டேன். அவ படிச்சுட்டுச் சிரிச்சா. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சுங்க.

எனக்கு இருக்கறது ரெண்டு ரூம். மூங்கில் தட்டி, மேல தகரம். பின்னால கொஞ்சம் கத்திரி, வெண்டை. ஒரு பழைய வேன். கப்பல்துறையில வந்து எறங்கறவங்களைக் கூட்டிட்டு வந்து, சோறு போட்டு, தீவைச் சுத்திக் காட்டி, திரும்பக் கப்பலேத்தி விடறேன். கைக்கும் வாய்க்கும் பத்துதுங்க. அடுத்தவன் வாசல்ல நின்னு என்னுதுன்னு சொல்ல எனக்கு வராதுங்கப்பா. நீங்க வளர்த்த வளர்ப்பு அப்படி.

வர்றது ரெண்டு ஜோடி, ரூமும் ரெண்டு. தாராளமாத் தங்கட்டும்.

சென்னியப்ப மாமாவுக்குச் சக்கரை இருக்கான்னு டெய்சி கேக்கச் சொன்னா. இங்க ஆஸ்பத்திரி சின்னது, பத்துப் படுக்கைதான். முன்னாலயே தெரிஞ்சா நல்லதுங்கறா. அவசரம்னா போன்ல கூப்பிட்டுச் சொல்லக்கூட முடியாது. சிக்னல் கப்பல்துறைகிட்ட மட்டுந்தான். ஞாயித்துக்கிழமை அம்மாகிட்டப் பேசறதும் வெயில்ல அங்க நின்னுதானுங்க.

நீங்க நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?

சுரேந்தர்


சோமனூர்
19-1-2024

சுரேந்தருக்கு,

உன் லெட்டர் வந்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கலை.

சரி, பன்னெண்டு வேண்டாம். ஆறுன்னு சொல்லு. மீதி ஆறு மராமத்துல இருக்குதுன்னு சொல்லு. அதுவும் வராதுன்னா நாலுக்கு வா. அதுக்குக் கீழ நான் எறங்க முடியாது. அதுவும் ஆகாதுன்னா வாயே திறக்காதே. கேட்டா சிரிச்சு வை.

சென்னியப்பனுக்குப் பத்து வருசமாச் சக்கரை. கேட்டா இல்லைம்பார், நம்பாதே. மாத்திரையை வேட்டி மடிப்புல ஒளிச்சு வெச்சிருப்பார். போன வருசம் செருப்புக் கடிச்ச புண்ணு ஆற மூணு மாசம் ஆச்சு. தண்ணிகிட்ட விடாதே. உவைஸ் பாய்க்குக் கப்பல்னா வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வை. அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிக் காரம் கம்மியாப் போடச் சொல்லு.

காத்தழுத்தம்னு டிவியில சொன்னான். கப்பல் போகுமா? போகலைன்னா நல்லதுன்னுகூட ஒரு நிமிசம் தோணுச்சு. அப்புறம் என்னையே திட்டிக்கிட்டேன்.

மு. அங்கப்பன்


நீல் தீவு
31-1-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு நாள் கூட வெச்சிருந்து, இன்னைக்குக் காத்தால எல்லாரையும் கப்பலேத்தி விட்டுட்டேன். அவங்க ஊர் வந்து சேர்ந்த பின்னாடிதான் இது உங்க கைக்கு வரும். எல்லாம் தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் நான் சொல்லியாகோணும்.

தப்பு எம்மேலதானுங்க. 27ஆம் தேதி மத்தியானக் கப்பல்ல எறங்கினாங்க. பெட்ஷீட் மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டு, "எங்க கண்ணு உன்ற ரிசார்ட்?"னார் மாமா. லெட்டர்ல பெருசாப் பேசினவன், அந்நேரம் ரெண்டு ரூம்னு சொல்லக் கூச்சப்பட்டுட்டேன். வூட்டுக்குக் கூட்டிட்டுப் போகாம, "தண்ணி வத்தற நேரம், பாறைப் பாலத்தைப் பார்த்துட்டுப் போலாமுங்க"ன்னு நேரா அங்க ஓட்டிட்டேன்.

கடல் உள்வாங்கினாத்தான் அந்தப் பாறைக்கு நடந்து போக முடியும். அதைக் காட்டினேன், பவளத்தைக் காட்டினேன், நண்டைக் காட்டினேன். ரிசார்ட் பேச்சு வந்துரக் கூடாதுன்னு காட்டிக்கிட்டே இருந்தேன். மாமாவைத் தண்ணிகிட்ட விடாதேன்னு நீங்க எழுதினதுகூட மறந்துபோச்சுங்க. தண்ணி ஏற ஆரம்பிச்சதை நான் பார்க்கலைங்கப்பா. தெனமும் பார்க்கறவன், அன்னைக்குப் பார்க்கலை. அவசரமாத் திரும்பறப்ப மாமா வழுக்கி விழுந்து, பவளக்கல்லு உள்ளங்காலைக் கிழிச்சுப்போட்டுச்சு. முழங்கால் தண்ணியில நானும் உவைஸ் பாயும் தூக்கிட்டு வந்தோம். அத்தை அழுத அழுகை இன்னும் காதுல இருக்குது.

ஆஸ்பத்திரியில டெய்சி இருந்தா.

"ஏனுங்க மாமா, சக்கரை இருக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்ல அம்மணி."

"வேட்டி மடிப்புல இருக்கற மாத்திரையை எடுங்க. உங்க சிநேகிதர் எழுதிட்டார்ங்க."

உங்க லெட்டர் அன்னைக்குக் காத்தாலதான் வந்துச்சு. வரலைன்னா அந்தக் கால் என்னாயிருக்குமோன்னு டாக்டரே சொன்னார்.

கட்டில்மேல வெறும் ரெக்சின். டெய்சி வேன்ல இருந்த மூட்டையைப் பிரிச்சு ஒரு பெட்ஷீட்டை விரிச்சா. "அது ரிசார்ட்டுக்கு அங்கப்பன் குடுத்ததம்மா"ன்னார் மாமா. அதுக்குமேல என்னால முடியலைங்க. ரிசார்ட் இல்லீங்க மாமா, ரெண்டே ரூம்னு சொல்லிட்டேன்.

உவைஸ் பாய்தான் சொன்னார்: "எங்களுக்குத் தெரியும் கண்ணு. உங்கப்பன் துணியில ஒரு மீட்டர் கூட்டிச் சொன்னதில்லை. அவன் கூட்டிச் சொன்னது இது ஒண்ணைத்தான். அதான் யாரும் திருப்பிக் கேக்கலை."

தெரிஞ்சே ஆறு வருசம் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. உங்களுக்குப் பதிலா அவங்களாச்சும் எங்களைப் பார்த்துட்டு வரோணும்னுதான் வந்தாங்களாம்.

மத்த பெட்ஷீட்டையும் டெய்சி அங்கயே விரிச்சுட்டா. பத்துக் கட்டிலுக்குப் பத்து, வூட்டுக்கு ரெண்டு. மாமா படுத்துக்கிட்டே எண்ணிப் பார்த்துட்டு, "அங்கப்பன் சொன்ன பன்னெண்டு சரியாப்போச்சய்யா!"ன்னு தையல் வலியிலயும் சிரிச்சார்.

கப்பல்துறையில, "உங்கப்பன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"னு கேட்டார். பார்த்ததைச் சொல்லுங்கன்னேன். சொன்னதுல இருந்து பயமாத்தான் இருக்குது. உங்க பேரை நான் கெடுத்துட்டனாங்கப்பா?

சுரேந்தர்


சோமனூர்
9-2-2024

அம்மணி டெய்சிக்கு,

உன் மாமா எழுதிக்கொண்டது. இந்தப் பேரை நான் எழுதறது இதுதான் முதல் தடவை. தப்பா எழுதியிருந்தா சொல்லு.

சென்னியப்பன் கால் ஆறிட்டு வருது. கோயமுத்தூர் டாக்டர் தையலைப் பார்த்துட்டு, "யாருங்க போட்டது, சுத்தமா இருக்குதே"ன்னாராம். அதை டீக்கடையில உக்காந்து வர்றவன் போறவனுக்கெல்லாம் காலைத் தூக்கிக் காட்டிச் சொல்றார். ரூமைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. ரெண்டு நாள் பார்த்தேன். மூணாம் நாள் பொறுக்க முடியாம நானே எந்திரிச்சு, "ரிசார்ட் இல்லீங்க, ரெண்டே ரூமு. என்ற மருமக நர்ஸு, இந்தக் காலைத் தைச்சது அவதான்"னு சொல்லிப்போட்டேன். யாரும் ஒண்ணும் கேக்கலை. டீ மாஸ்டர் மட்டும், "மருமகளுக்கு எந்த ஊருங்க?"ன்னார். கருமத்தம்பட்டின்னேன். அன்னைக்குத்தான் சோறு எறங்குச்சு. பேரு கெடலைன்னு அவன்கிட்டச் சொல்லிரு.

இன்னொண்ணு. சூடம் அணைச்சது அணைச்சதுதான். அவன்கூடப் பேச மாட்டேன். ஆனா உன்கூடப் பேச மாட்டேன்னு நான் எங்கயும் சத்தியம் பண்ணலை. நல்லா யோசிச்சுப் பார்த்துட்டேன்.

உன் நம்பரை உங்கத்தைகிட்ட வாங்கிட்டேன். 25ஆம் தேதி ஞாயித்துக்கிழமை, மத்தியானம் மூணு மணிக்குக் கூப்பிடறேன். நீ எடு. எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால ஸ்பீக்கர்ல போட்டுரு. பக்கத்துல யாராச்சும் நின்னா அது அவங்க இஷ்டம். சாப்பிட்டாச்சா, உடம்பு எப்படி இருக்குதுன்னு கேட்டா, அது உன்னைக் கேக்கறது. நீ பதில் சொன்னாலும் சரி, வேற யாரு சொன்னாலும் சரி.

கப்பல்துறையில நிழலே இல்லையாம், சென்னியப்பன் சொன்னார். கொடை எடுத்துட்டுப் போ. சின்னது வேண்டாம், ரெண்டு பேர் நிக்கற மாதிரிப் பெரிய கொடையா எடுத்துக்க.

மாமா,
அங்கப்பன்