சும்மா படுத்திருக்க ஆகும் செலவு

பிப்ரவரி 3

இன்றைக்கும் ஒத்துவரவில்லை. தையல்கார அக்காவுக்குப் போன வாரம் 1,190 கலோரி. இன்றைக்கு 1,370. அதே உடம்பு, அதே கட்டில், அதே மெஷின்!

யாராவது கேட்டால் சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது: ஒரு பெண் சும்மா படுத்திருக்கும்போது அவள் உடம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்று அளக்கிறேன். வெறும் வயிற்றில் வரச் சொல்லி, படுக்க வைத்து, தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூட்டைக் கவிழ்ப்பேன். அவள் விடும் மூச்சை மெஷின் அளந்து எண்ணாகக் கொடுக்கும். இரண்டு முறை அளந்தால் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் எனக்கும் சீட்டுக் குலுக்கிப் போடுகிறவனுக்கும் என்ன வித்தியாசம்?

பிப்ரவரி 4

கொண்டை போட்டவர்களுக்குத் தலை தூக்கிக்கொண்டு கழுத்தோரம் காற்று கசிகிறதோ என்று சந்தேகம். எல்லோரையும் அவிழ்க்கச் சொன்னேன். பஸ் கண்டக்டர் அக்கா, "அளக்கிறது மூச்சையா, முடியையா?" என்றார். கசிவு எதுவும் இல்லை. எண்தான் இன்னும் ஆடுகிறது.

பிப்ரவரி 7

தசமம் சார் கூப்பிட்டனுப்பினார். என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது. எந்த எண்ணைச் சொன்னாலும் "தசமத்துக்கு அப்புறம் என்ன?" என்பார்.

"பொம்பளைங்க உடம்பு ஒரு நிலையில நிக்காதும்மா. பேசாம ஆம்பளைங்கள வச்சுப் பண்ணிடு. சுத்தமா வரும்."

"மாசக் கணக்கெல்லாம் பாத்துத்தான் சார் நாள் குறிச்சேன்."

"அப்புறம் ஏன் வரல?"

இந்த மாதக் கடைசி வரை கெடு. அதற்குப் பிறகு ஆண்கள். ஆண்களை அளந்துவிட்டு அதில் கொஞ்சம் கழித்தால் பெண்களுக்கான எண் வந்துவிடுமாம். என்ன, தள்ளுபடி விலையா நாங்கள்?

கோபம் வருகிறது. அழுகையும் வருகிறது. அழ மாட்டேன்.

பிப்ரவரி 8

மெஷினைத் திட்டினேன். அது கோபித்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 11

கடைசியில் மெஷின் மேலேயே சந்தேகம் வந்து நானே போய்ப் படுத்தேன். உதவிக்கு இருக்கும் நர்ஸ் அக்கா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சாப்டீங்களா? இல்லை. காபி? இல்லை. வீட்ல ஏதாவது பண்ணீங்களா? ஒண்ணும் பண்ணலக்கா, எழுந்ததும் கிளம்பி வந்துட்டேன். கேள்விகள் நான் எழுதியவை. பதிலும் நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னேன்.

கூட்டைக் கவிழ்த்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு ஏப்பம் வந்தது. முட்டை ஏப்பம்.

எந்த முட்டை?

மகள் தட்டில் பாதி வைத்துவிட்டுப் போனாளே, வீணாகிறதே என்று கழுவுவதற்கு முன்னால் வாயில் போட்டேனே - அது. அவள் குடிக்காமல் விட்ட பால் வேறு. லிஃப்ட் ஓடவில்லை என்று தண்ணீர்க் கேனை மூன்றாம் மாடிக்குத் தூக்கினேன். துணி துவைத்தேன். சமைத்தேன். பஸ்ஸைத் துரத்திப் பிடித்தேன். அத்தனைக்கும் சேர்த்து நான் சொன்ன பதில், ஒண்ணும் பண்ணல! பொய்யா சொன்னேன்? மனசார நம்பித்தானே சொன்னேன்!

கூட்டைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். நர்ஸ் அக்கா பதறிப்போய், "என்னாச்சு? மூச்சு முட்டுதா?" என்றார்.

"மூச்சு இல்லக்கா, முட்டை!"

பாவம், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நாடி பிடித்துப் பார்த்தார்.

பிப்ரவரி 12

எல்லோருக்கும் ஃபோன் போட்டேன். இந்த முறை, "காலையில எந்திரிச்சதுலேர்ந்து என் கட்டில்ல வந்து படுக்கிற வரைக்கும் ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றேன்.

தையல்கார அக்கா: "சும்மாதான் இருந்தேன். ரெண்டு வாளி துணி அலசினேன், மாமனாரைக் குளிப்பாட்டினேன், சமைச்சேன். உப்பு பாத்தேன். உப்பு பாக்கிறதெல்லாம் சாப்பாடா?"

பேங்கில் வேலை பார்க்கும் அக்கா: "பிள்ளைங்க மிச்சம் வச்சதக் கூடவா கணக்குல சேப்பாங்க?" சேக்கணும்க்கா. பேங்க்ல உக்காந்துக்கிட்டு நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?

யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஓய்வாக இருக்கும் ஒரு பெண்ணைக்கூட நான் இதுவரை அளக்கவே இல்லை, அவ்வளவுதான். மூச்சிரைக்க ஓடிவந்த குதிரையைப் பிடித்து நிறுத்தி, இதுதான் நிற்கிற குதிரை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 13

சாரிடம் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலமே வந்து பக்கத்து அறையில் தங்கட்டும், காலையில் அப்படியே அளந்துவிடலாம் என்று.

"வீட்டை விட்டுட்டு எந்தப் பொம்பளம்மா வந்து தங்குவா?"

"கேட்டுப் பாக்கிறேன் சார்."

"அஞ்சு பேர். அஞ்சு பேருக்கும் ரெண்டு தடவையும் ஒத்துவரணும். இல்லேன்னா ஆம்பளைங்கதான்."

"தசமத்தோட தரேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்க்கொழுப்பு. இனிமேல் பின்வாங்க முடியாது.

பிப்ரவரி 16

முதல் ஆளாகக் கண்டக்டர் அக்கா பையோடு வந்துவிட்டார். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"நான் சும்மா இருந்தா எவ்வளவு செலவாகும்னு அளக்கப் போறாங்கன்னு சொன்னேன். 'நீ எப்ப சும்மா இருந்தே?'ன்னாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு வாயில வந்த ஒரே உண்மை!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிப்ரவரி 17

பாழ். விடிந்ததும் எழுப்பிக் கூட்டைக் கவிழ்த்தேன். கவிழ்த்த சூட்டிலேயே குறட்டை. விழித்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும், தூங்கினால் எண் இறங்கிவிடும். "அக்கா, கண்ணைத் திறங்க" என்று கெஞ்சினேன்.

"யாரும் கூப்பிடாம படுத்தா தூக்கம் வராம வேற என்ன வரும் கண்ணு?"

நியாயம்தானே? இனி யாரையும் எழுப்பப் போவதில்லை. தானாக விழிக்கும் வரை அந்தக் கதவைத் தட்டவும் மாட்டேன், தட்ட விடவும் மாட்டேன்.

பிப்ரவரி 20

கண்டக்டர் அக்கா வெயில் ஏறும் வரை தூங்கினார். பிறகு கூட்டுக்குள் கண்ணைத் திறந்துகொண்டு, கூரையைப் பார்த்தபடி நிம்மதியாகப் படுத்திருந்தார். திரையில் கோடு ஆடாமல் அசையாமல் ஓடியது. இத்தனை நாள் மேடும் பள்ளமுமாகப் பார்த்த கோடு! 1,212.

பிப்ரவரி 23

அவருக்கே இரண்டாம் முறை: 1,219.

கத்திவிட்டேன். காவலாளி ஓடிவந்தார்.

பிப்ரவரி 27

ஐந்துக்கு ஐந்து. தையல்கார அக்கா 1,104, 1,098. பேங்க் அக்காவுக்கு இரண்டுக்கும் நடுவே நான்கே நான்கு கலோரி. எல்லோருக்கும் பழைய எண்ணைவிட இது குறைவு. இதுதான் அவர்களுடைய உண்மையான ஓய்வு.

தாளைச் சாரின் மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். இதே மெஷினில் இன்னொரு மாணவன் ஆண்களை அளந்து வைத்திருந்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆம்பளைங்களோடதை விட நெருக்கமா இருக்கே."

"ஒரு நிலையில நிக்குது சார்" என்றேன். சொல்ல இன்னும் ஆயிரம் இருந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

"சரிம்மா. இவங்களையே வச்சுப் பண்ணு. அறுபது பேர் எடு."

வெளியே வந்து நர்ஸ் அக்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். ஜெயிச்சாச்சு. ஜெயிச்சாச்சு! இந்தப் பக்கம் முழுக்க இதையே எழுதலாம் போலிருக்கிறது.

மார்ச் 2

கேள்வித்தாளில் 'ஏதாவது சாப்பிட்டீர்களா?' என்பதை அடித்துவிட்டு, 'யார் தட்டில் மிஞ்சியதையாவது வாயில் போட்டீர்களா?' என்று எழுதினேன்.

வீட்டில் மகள் மிச்சம் வைத்த தட்டை என் வீட்டுக்காரர் வழக்கம்போல் என் பக்கம் நகர்த்தினார். நான் அவர் பக்கம் நகர்த்தினேன். எடுத்துச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 9

நேற்றுச் சாயங்காலம் பையோடு வந்தவர் தசமம் சாரின் மனைவி. அவராகவே பெயர் கொடுத்திருக்கிறார். சாருக்கே நேற்றுத்தான் தெரியுமாம்.

காலையில் தானாக விழித்தார். கோடு அப்படி ஒரு அமைதி. அளந்து முடித்துக் கூட்டை எடுத்தேன், மெஷினை அணைத்தேன். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே படுத்திருந்தார்.

சார் தேய்க்காத சட்டையோடு வாசலில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "முடிஞ்சுதா? போலாமா?" என்றார்.

"இன்னும் பத்து நிமிஷம்" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

சார் என்னைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றேன். "இன்னும் பத்து நிமிஷம் வேணும்."

தலையாட்டிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.