அத்தானின் பறக்கும் தட்டு

1989 ஆவணி, ஞாயிறு இரவு.

நித்திரை வரவில்லை. கனடாவிலிருந்து வந்து நிற்கும் அத்தான் இன்று குளத்தடியில், எறிந்து விளையாடும் தன் பிளாஸ்டிக் பறக்கும் தட்டை வைத்து ஒரு விளையாட்டுக் காட்டினான். கரையைச் சுற்றி நிற்கும் மரங்களில் ஒவ்வொன்றாகத் தட்டை எறிந்து படவைக்க வேண்டும். குறைந்த எறியில் முடிப்பவருக்கு வெற்றி. நான் வென்றால் தட்டு எனக்கு என்று அவனேதான் சொன்னான்.

கடைசி மருதமரத்தில் நான் எறிந்தது டொக்கென்று பட்டது. கிளையிலிருந்த காகங்கள்கூட எழும்பிப் பறந்தன.

"படேல்லை," என்றான் சிரித்துக்கொண்டு. "நீ தோத்திட்டாய்."

பிறகு கெட்டித்தனம் காட்ட, பாதி வற்றிக் கிடந்த குளத்துக்குக் குறுக்கே எறிந்தான். தட்டு தண்ணீரில் விழுந்து அடியில் தாண்டுபோனது. தன் காற்சட்டை நனையுமாம், என்னை இறக்கினான். முழங்காலளவு தண்ணீரில், சேற்றுக்குள், அது என் குதிக்காலில் தட்டுப்பட்டது. நன்றாக மிதித்து அமுக்கிக்கொண்டு நின்றேன்.

"காலிலை ஏதும் பட்டதோ?" என்று கரையிலிருந்து கேட்டான். முகம் செத்துப்போயிருந்தது.

"படேல்லை, அத்தான்."

விடிய அவன் கொழும்புக்குப் போகிறான். பஸ் வெளிக்கிட்டதும் போய் எடுப்பேன். அதே மருதமரத்தில் கை நோகும்வரை எறிவேன். பட்டதா இல்லையா என்று காகங்கள் சொல்லட்டும்.