சிவப்புப் பெட்டியுடன் ஓரிரவு

நவம்பர் 18, திங்கள்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டியையே எடுத்துச் செல்வது என்று இன்று காலை தீர்மானிக்கப்பட்டது. துணிப்பையின் தரப்பு வாதங்களும் முழுமையாகக் கேட்கப்பட்டன. தங்கப்போவது ஒரே இரவு. கொண்டுபோவது மாற்றுத்துணியும் சங்கரேஸ்வரியின் பிரஷர் மாத்திரையும். இருந்தும், ஹோட்டலுக்குள் நுழைகிறவன் பின்னால் ஒரு பெட்டி உருண்டு வர வேண்டும் என்பதில் உறுதியாக நின்றேன். கல்லூரி நூலகராக இருந்த காலம் முழுவதும் எதிலும் நான் இவ்வளவு உறுதியாக நின்றதில்லை.

எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு என் மைத்துனன் தளவாய் அளிக்கும் பரிசு இது. இலஞ்சிக்கு அப்பால், மாடத்திக்குளத்தின் கரையில் அவன் பங்குதாரராக இருக்கும் புது ஹோட்டலில் ஓரிரவு, இலவசம். பலகையில் ‘லேக் வியூ’ என்று போட்டிருக்கிறதாம். எங்கள் பக்கத்தில் ஏரி கிடையாது, குளம்தான். ஆனால் குளத்தைப் பார்க்க யார் வாடகை கொடுப்பார்கள்?

நவம்பர் 20, புதன்

பரிசுக்கு ஒரு வால் இருப்பது இன்று தெரிந்தது.

குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாக வெளியேறி, ஓர் ஓடையாகச் சிற்றாற்றுக்குப் போகும். அந்த ஓடை கிடக்கும் துண்டு நிலத்தை மாமனார் சாகுமுன் சங்கரேஸ்வரி பெயருக்கு எழுதிவைத்தார். வருடத்தில் பாதி நாள் தண்ணீர் ஓடும் நிலம். மகளுக்குத் தாராளமாகக் கொடுக்கக்கூடியது. இப்போது ஹோட்டலுக்கு அது வேண்டுமாம்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். தம்பி கேட்டால் அக்கா பத்திர ஆபீசுக்குப் போவாள். ஒரு பட்டுப்புடவை, ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ், மதியம் இலைபோட்டுச் சாப்பாடு. நிலம் கைமாறிவிடும், யாரும் அதை விற்பனை என்று சொல்லமாட்டார்கள்.

“கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருவியா?” என்று கேட்டேன்.

“பொறந்த வீடுன்னு ஒண்ணு வேணும்லா” என்றாள். பிறகு, “தண்ணி எங்கிட்டுப் போவும்னு அவன்கிட்ட கேக்கணும்” என்றாள்.

திங்கட்கிழமை பத்திர ஆபீஸ். ஆகவே சனிக்கிழமை ஹோட்டல்.

நவம்பர் 22, வெள்ளி

மலையில் விடாத மழை. அருவிகளில் குளிக்கத் தடை. சங்கரேஸ்வரி பெட்டியை அடுக்கி, பிரித்து, மறுபடி அடுக்கினாள்.

நவம்பர் 23, சனி, மாலை

பெட்டி நன்றாக உருண்டது.

கீழ்த்தள அறை. வராந்தாவிலிருந்து படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. எத்தனை படி என்று சொல்ல முடியாது. பெரும்பாலானவை உள்ளே இருக்கின்றன. குளம் விளிம்புவரை ததும்பி, மலையைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லோரும் படம் எடுக்கிறார்கள். குற்றாலத்தில் குளிக்க முடியாத அய்யப்ப பக்தர்களும் வேன் வேனாக இங்கே வந்துவிட்டார்கள்.

அந்திக்கு முன் நடக்கப் போனோம். மறுகால் வாயில் பலகை செருகி, மணல்மூட்டை அடுக்கியிருந்தது. தண்ணீர் குறைந்தால் போட் தரைதட்டும் என்பதற்காக. குளத்து விவசாயிகள் சங்கத் தலைவரும் தளவாய்தான் என்பதால், ஹோட்டல் பங்குதாரர் அனுமதி கேட்டார், சங்கத் தலைவர் தயங்காமல் கொடுத்துவிட்டார்.

அதற்கப்பால் ஓடையைக் காணோம். செம்மண் கொட்டி, ஜல்லி பரப்பி, வெள்ளைக்கோடு போட்டு, வேன்கள் நின்றன. சங்கரேஸ்வரி நடுவில் போய் நின்றாள்.

“அம்மா, பார்க்கிங்ல நிக்காதீங்க. வண்டி ரிவர்ஸ் எடுக்கும்” என்று விசில் ஊதிக்கொண்டு வந்தார் வாட்ச்மேன் அய்யாக்குட்டி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவராம். முதுகு ஒத்துழைக்காததால் இந்த வேலைக்கு வந்தாராம். “இங்க நின்னு சம்பளம் வாங்குதேன் சார். தக்காளி மாதிரி வண்டிய யாரும் தலையில ஏத்தச் சொல்லமாட்டாங்க” என்றார்.

“இது என் நெலம்” என்றாள் சங்கரேஸ்வரி.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “அப்பிடின்னா ஓரமா நில்லுங்கம்மா.”

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

தளவாய் தட்டோடு வந்தான்: புடவை, சிமிழ், ஆப்பிள். விருப்ப ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். இன்னும் ஆளைப் பார்த்தால் லைசென்ஸ் கேட்பான் போலத்தான் இருக்கும்.

“ஏலே, நான் கையெழுத்துப் போடுததுக்கு முன்னாலயே மண்ணடிச்சிட்டியா?”

“நீ போடமாட்டேன்னா சொல்லப்போற? நீ என் அக்கால்லா.”

“பலகைய இப்பமே எடு. ஓடையில ஒரு கால்வாயாவது வெட்டிவிடு. பெறகு கையெழுத்து.”

“நாளைக்குத் திருச்சியிலருந்து ரெண்டு பஸ் வருதுக்கா. போட் புக் பண்ணியிருக்காங்க. அவங்க போனதும் எடுத்துருதேன்.”

“அதுவரைக்கும் மழைய நிப்பாட்டி வைப்பியோ?”

அவன் என்னைப் பார்த்தான். “அத்தான், நீங்க சொல்லுங்க.”

புடவையுடன் ஆப்பிள் பொருந்துமா என்பது போன்ற எதையோ சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

சங்கரேஸ்வரி தட்டை அவன் பக்கம் தள்ளினாள். “போட மாட்டேன்.”

தளவாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புடவையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “சரிக்கா. ஒன் நெலம்னா ஒன் நெலமாவே இருக்கட்டும்” என்றான்.

அவன் போனதும், “ஆட்டோ பிடிங்க, வீட்டுக்குப் போயிருவோம்” என்றாள். காலை உணவும் சேர்த்துத்தான் இலவசம் என்பதை நினைவூட்டினேன். அவள் வராந்தா விளக்கைப் போட்டுவிட்டுப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தபோது வெளியே இருந்த ஒரு படியை இப்போது காணோம்.

நவம்பர் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

விடியும்போது அறைக்குள் கணுக்கால் தண்ணீர். செருப்பு கட்டிலைச் சுற்றி வந்தது. சங்கரேஸ்வரி என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப்போனாள். பெட்டியை எடுக்கத் திரும்பினேன். “பெட்டிய விடுங்க, சனியன” என்றாள். உருளத் தெரிந்த பெட்டிக்கு மிதக்கவும் தெரிந்திருந்தது.

மாடியிலிருந்து பார்த்தோம். பலகையோரம் தளவாய் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். வழி கிடைக்காத தண்ணீர் மறுகாலுக்குப் பக்கத்தில் கரையை அறுத்துக்கொண்டு, பார்க்கிங் மேலே, தன் பழைய பாதையிலேயே போயிற்று. தளவாய் கரையில் ஓடி மேடேறிவிட்டான். வேன்களை வெளியேற்ற விசில் ஊதிக்கொண்டிருந்த அய்யாக்குட்டி மேடு பக்கம் வரவில்லை. விசில் கொஞ்ச நேரம் கேட்டது.

தங்கியிருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தோம். நேற்றே போயிருக்கலாம். போயிருந்தால் அய்யாக்குட்டி? இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இல்லையா?

நவம்பர் 25, திங்கள்

பத்திர ஆபீசுக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

நவம்பர் 27, புதன்

அய்யாக்குட்டியைச் சிற்றாற்றுத் தடுப்பணைக்குக் கீழே கண்டெடுத்தார்கள். சங்கரேஸ்வரி அவர் வீட்டுக்குப் போய்வந்தாள். அவர் மனைவி கேட்டது ஒன்றுதானாம்: “அங்கன ஓடை இருந்ததுன்னு எங்க வீட்டுக்காரவுகளுக்கு யாரும் சொல்லலியா?”

இரவு சங்கரேஸ்வரி சாப்பிடவில்லை. தளவாய் போனை எடுப்பதில்லை. அவன் வீட்டு வாசலில் பழைய ஸ்டேஷன் நண்பர்களின் வண்டிகள் நிற்பதாகப் பால்காரர் சொல்லுகிறார்.

டிசம்பர் 6, வெள்ளி

ஏட்டையா ஒருவர் வந்தார். காப்பி வேண்டாம் என்றார். செல்போனில் படம் காட்டி, வயலில் கிடைத்த சிவப்புப் பெட்டி உங்களுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே மாத்திரைச் சீட்டில் சங்கரேஸ்வரியின் பெயர் இருந்ததாம். “அப்ப சம்பவத்தன்னிக்கி அம்மா அங்கனதான் இருந்திருக்காங்க” என்று எழுதிக்கொண்டார்.

மறுகால் ஓடையை மண்ணடித்து மூடி உயிரிழப்பு ஏற்படுத்தியதாக வழக்கு. நிலத்தின் பட்டா சங்கரேஸ்வரி பெயரில் இருக்கிறது. புகார் கொடுத்தவர் சங்கத் தலைவர் தளவாய்.